வடகரைக் காவலர் இடிக்குரலார்

ஒரு தாமரைக் குளத்தில் தவளை, நண்டு, நாரை, முக்குளிப்பான் எல்லாம் ஒன்றாகக் குடியிருந்தன. நாரை அங்கே மீனை மட்டும்தான் தின்னலாம் என்று ஓர் ஒப்பந்தம். எப்போதாவது நாரைக்கு அது மறந்துபோகும். மற்றபடி நல்ல நாரை.

குளத்துக்கு நான்கு கரை. பொழுது சாயும் நேரத்தில் நரி வரும் என்ற பயத்தால் காவல்முறை ஒன்று வைத்திருந்தார்கள். கீழ்க்கரை நாரைக்கு. மேல்கரை தவளைக்கு. தென்கரை நண்டுக்கு. வடகரை?

வடகரை இடிக்குரலாருக்கு!

யார் இந்த இடிக்குரலார்? முன்னொரு காலத்தில் மதயானை ஒன்று குளத்தைக் கலக்க வந்ததாம். இடிக்குரலார் வடகரையில் நின்று ஒரே ஒரு சத்தம் போட்டாராம். யானை தும்பிக்கையைச் சுருட்டிக்கொண்டு ஓடியதாம். அன்று முதல் அவர் யார் கண்ணுக்கும் தெரியாமல் வடகரையைக் காத்து வருகிறாராம். இதையெல்லாம் யார் பார்த்தது என்று கேட்கக்கூடாது. கேட்டால், "எங்க பாட்டனுக்கு அவரோட பாட்டன் சொன்னார்!" என்பார்கள். அந்தப் பாட்டனும் பார்த்தவர் இல்லை.

வடகரை வழியாக எந்தப் பகையும் வந்ததில்லை என்பது மட்டும் உண்மை. அங்கே சப்பாத்திக்கள்ளி ஆளுயரத்துக்கு அடர்ந்து கிடந்தது. அத்தனை முள்ளைத் தாண்டி யார் வருவார்? ஆனால் கள்ளியை யாரும் ஒரு வார்த்தை பாராட்டியதில்லை. பாவம், அதற்கு ஒரு கதை இல்லை.

அந்தக் கோடையில் கரையோரப் புல் பற்றி எரிந்தது. கள்ளியும் கருகிச் சரிந்தது. குளத்து நீரும் வற்றிக்கொண்டே போனது.

முக்குளிப்பான் கருகிய கள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சின்ன நீர்ப்பறவை. கோரை இருக்கும் இடத்தில்தான் அவளால் மிதக்கும் கூடு கட்ட முடியும். கோரையோ வடகரையில் மட்டும்தான் இருந்தது. கூட்டில் மூன்று முட்டைகள். அவள் நேரே காவல்தலைவரான தவளையிடம் நீந்திப் போனாள்.

"அண்ணே! வடகரையில முள்வேலி போயிடுச்சு. யாரையாவது காவலுக்கு அனுப்புங்கண்ணே!"

தவளைக்குத் தொண்டை உப்பியது. "என்ன பேச்சு பேசுற? அங்கதான் இடிக்குரலார் இருக்காரே! அவருக்கு மேல இன்னொரு காவல் போட்டா, அவரை நம்பலைன்னு ஆகாதா?"

"அவருக்குக் கோவம் வந்துட்டா?" என்று நண்டு நடுங்கியது.

"அந்த மரியாதைக்குறைவு நம்ம குளத்துல நடக்காது!" என்று நாரை முடித்து வைத்தது. மூன்று பேருக்கும் இந்த ஒரு விஷயத்தில் என்ன ஒற்றுமை!

மறுநாள் மாலையே நரி வந்தது. கருகிய கள்ளியை மிதித்துக்கொண்டு, கேட்க நாதியில்லாமல், ஒரு முட்டையைக் கவ்விக்கொண்டு போனது.

முக்குளிப்பான் அழுதுகொண்டே ஓடினாள். "இடிக்குரலார் காவல்ல என் முட்டை போச்சே!"

தவளை கண்ணை மூடி யோசித்தது. "அவர் விட்டார்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கும்."

"கெட்டுப்போன முட்டையா இருந்திருக்கும்!" என்றது நண்டு.

"உள்ளே குஞ்சு கொத்துற சத்தத்தை நான் கேட்டேன்!" என்று அவள் கதறினாள்.

நண்டு நழுவி நாரையின் காலுக்குப் பின்னால் போனது.

முக்குளிப்பான் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சரி, நானே அவர்கிட்ட கேட்டுக்கறேன். அவர் பார்க்க எப்படி இருப்பார்?"

"அந்தக் குரலுக்கு இந்தத் தொண்டை வேணாமா? அவர் தவளைதான்!" என்றது தவளை.

"தவளையைப் பார்த்து யானை ஓடுமா? கொடுக்கு இருந்ததாலதான் ஓடிச்சு! அவர் நண்டு!" என்றது நண்டு.

"சேற்றுல கிடக்கிறவரையா யானை பார்த்துச்சு? நெடுநெடுன்னு உசரமா நின்னார்! எங்க ஆளு!" என்றது நாரை.

அவ்வளவுதான். தவளை நாரையைத் தள்ள, நாரை நண்டை மிதிக்க, பொரிக்காத முட்டைகளை எல்லாரும் மறந்துவிட்டார்கள்.

இந்த ரகளையைக் கரிக்குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்து நரி கேட்டுக்கொண்டிருந்தது. முக்குளிப்பான் கூட்டுக்குத் திரும்பியதும் மெல்லத் தலையை நீட்டியது.

"தங்கச்சி! உங்க காவலருக்குத் தவளைத் தொண்டையாம், நண்டுக் கொடுக்காம், நாரைக் காலாம்! இப்படி ஒரு ஆளை நான் எந்தக் காட்டுலயும் பார்த்ததில்லை. அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லு. நாளைக்கு மிச்சத்துக்கு வர்றேன்!"

சிரித்துக்கொண்டே போய்விட்டது. முக்குளிப்பானுக்கு நெஞ்சு எரிந்தது. நரி சொன்னது பொய் என்று சொல்லவும் அவளால் முடியவில்லை. அதுதான் இன்னும் எரிந்தது.

வடகரைச் சேற்றில், கூட்டுக்குப் பக்கத்தில், யாரோ எறிந்துவிட்டுப் போன மண்குடம் ஒன்று சாய்ந்து கிடந்தது. அடி உடைந்த குடம். மறுநாள் அவள் அதன் பின்னால் ஒண்டியபோது, உடைந்த பக்கமாகத் தலை உள்ளே போய்விட்டது. "ஐயோ!" என்றாள். குடத்தின் வாய் வழியாக "ஐயோஓஓ!" என்று வேறு யாரோ கத்தியதுபோல் வெளியே வந்தது. அவளே ஒரு கணம் பயந்துபோனாள். பிறகு யோசித்தாள்.

பொழுது சாய்ந்தது. நரி வந்தது. முன்னங்காலைத் தண்ணீரில் வைத்தது.

"யாரடா அவன்!"

குளமே அதிர்ந்தது. நரியின் கால் அப்படியே நின்றது.

"என் கரையில கால் வைக்கிறவன் யாரடா!"

நரி காதைத் திருப்பியது. இல்லாத ஆளுக்குக் குரல் எப்படி வரும்? அது முட்டாள் நரி இல்லை. சத்தம் வந்த திசையை மோப்பம் பிடித்தது. "குடத்துக்குள்ள இருந்து கூவுற தங்கச்சி யாரு?" என்று இளித்தபடி நெருங்கியது. இன்னும் ஓர் எட்டு வைத்தால் கூடும் போச்சு, அவளும் போச்சு.

ஆனால் அந்தக் குரல் மற்ற மூன்று கரைக்கும் கேட்டுவிட்டது!

"இடிக்குரலார்! இடிக்குரலார் வந்துட்டார்!" என்று தவளை அலறியது. அவ்வளவு தவளைகளும் சேர்ந்து முழங்கின. "தலைவரே, நான் வர்றேன்!" என்று நாரை பறந்து வந்து நரியின் மூக்கிலேயே கொத்தியது. பயந்தாங்கொள்ளி நண்டு எங்கிருந்து வந்ததோ, நரியின் வாலைக் கவ்வியது, விடவே இல்லை. நரி ஊளையிட்டபடி ஓடியது. கருகிய கள்ளி வரைக்கும் நண்டும் கூடவே போய், அங்கே கழன்று விழுந்து, நடந்து திரும்பியது.

எல்லாரும் மூச்சு வாங்க வடகரையில் கூடினார்கள்.

"பார்த்தீங்களா, அவர் கொடுக்கால நரி வாலைப் பிடிச்சதை!" என்றது நண்டு.

"பிடிச்சது நீதானே?" என்றது நாரை.

"நானா? நான் எவ்வளவு பயந்தவன்! அவர்தான் என்னைப் பிடிக்க வச்சார்!"

முக்குளிப்பான் சேறு அப்பிய முகத்தோடு குடத்துக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள். உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தாள். சொன்னால் என்ன ஆகும்? நாளைக்குக் குரல் கேட்டால் இவர்களில் ஒருவர் வருவாரா? கூட்டில் இருந்த இரண்டு முட்டைகளையும் பார்த்தாள்.

"இடிக்குரலார் போறப்ப ஒண்ணு சொன்னார்," என்றாள். "இவ்வளவு காலமா தனியா நின்னு கால் கடுக்குதாம். தினமும் ஒருத்தர் பக்கத்துல துணைக்கு நிக்கணுமாம்."

"இன்னிக்கு நான்!"

"முதல் ஆள் நான்தான்!"

"தள்ளு, அவர் எங்க ஆளு!"

அன்றிலிருந்து வடகரை ஒரு நாளும் காலியாக இருந்ததில்லை. நரி ஒருமுறை எட்டிப் பார்த்தது. நாரை நிற்பதைக் கண்டு, மூக்கைத் தடவிக்கொண்டு வேறு குளம் தேடிப் போனது.

முட்டைகள் பொரிந்தன. ஒருநாள் தாயின் முதுகில் சவாரி செய்துகொண்டிருந்த குஞ்சு கேட்டது: "அம்மா, இடிக்குரலார் நிஜமாவே இருந்தாரா?"

"தெரியலையே கண்ணு," என்றாள் முக்குளிப்பான். "ஆனா அங்க பாரு, நண்டு மாமா நிக்கறார். நீ தூங்கு."

வீரர் ஒருவர் இருந்தாரா இல்லையா என்று காலமெல்லாம் வாதாடலாம். ஆனால் அவர் பெயரைச் சொல்லி நாம் நிற்க வேண்டிய இடத்தைக் காலியாக விடக்கூடாது.