நிழலில் வளர்ந்த வில்

முன்னொரு காலத்தில், நான்கு பக்கமும் மலை காவல் நிற்கும் வேங்கைநாட்டை உக்கிரசேனன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். பெயருக்கேற்ற கோபம். காலையில் ஒருவரை நாடுகடத்துவான். மதியம் பாயசம் ருசியாக இருந்துவிட்டால் திரும்பக் கூப்பிட்டுவிடுவான். அதனால் தண்டனை பெற்றவர்கள் எல்லையைத் தாண்டாமல் மூட்டையின்மேல் உட்கார்ந்து, இன்று சமையல் யார் என்று விசாரித்துக்கொண்டிருப்பார்கள்.

அவன் சபையில் மருதி என்று ஓர் இளம் அமைச்சர் இருந்தாள். அப்பா இறந்ததும் அவருடைய இருக்கையை ராஜா அவளுக்குக் கொடுத்திருந்தான். தண்டநாயகர் கோளரியாருக்கு அது பொறுக்கவில்லை. "சின்னப் பெண்ணுக்குக் கூச்சம் அதிகம், மகாராஜா" என்று பரிவாகச் சொல்லி, அந்த இருக்கையை ஒரு பெரிய தூணுக்குப் பின்னால் போடவைத்தார். மருதி அங்கேயே போய் உட்கார்ந்தாள். அங்கிருந்து பார்த்தால் அவளுக்கு எல்லோரையும் தெரிந்தது; அவளைத்தான் யாருக்கும் தெரியவில்லை.

அந்த ஆண்டு வில்விழாவில் ஒரு விபரீதம் நடந்தது. அண்டை நாட்டு அரசன் வீரகேது பார்த்துக்கொண்டிருக்க, உக்கிரசேனன் நாணை இழுத்தான். வில் முறிந்தது. வீரகேது மீசைக்குள் சிரித்தான்.

மறுநாள் சபையில் ராஜா கொதித்தான். "அடுத்த விழாவில் என் வில் முறியக்கூடாது! எந்த மரத்தில் செய்வது?"

கோளரியார் முந்திக்கொண்டார். "ராஜாவின் வில் ராஜமரத்தில்தான் பிறக்க வேண்டும். மேற்குக் காட்டில் கோபுரம்போல ஒரு தடசு மரம் நிற்கிறது. அதை வெட்டுவோம்."

தூணுக்குப் பின்னாலிருந்து மெல்லிய குரல் வந்தது. "அந்த மரம் வேண்டாம், மகாராஜா. அடிமுதல் கிளை விட்ட மரம், உடம்பெல்லாம் கணு. பட்டை கயிறுபோல முறுக்கி ஓடுகிறது. பட்டை முறுக்கினால் உள்ளே மரமும் முறுக்கியிருக்கும். கைக்குள் அடங்கும் சின்ன மரம் போதும்."

"சின்ன மரமா? ராஜாவுக்கா?" கோளரியார் வயிறு குலுங்கச் சிரித்தார். "அம்மணி அடுப்பெரிக்கச் சுள்ளி தேடுகிறார் போலிருக்கிறது!"

சபையே சிரித்தது. ராஜாவுக்கு இந்தச் சண்டை பிடித்துவிட்டது.

"சரி! இரண்டு பேரும் ஆளுக்கொரு வில் கொண்டுவாருங்கள். விழாவில் இரண்டையும் இழுப்பேன். தோற்றவர் இருக்கை போய்விடும்."

"ஒரு வேண்டுகோள்" என்றார் கோளரியார். "என் மரம் விழுந்த இடத்தில் எது மிஞ்சுகிறதோ, அதில்தான் அமைச்சர் எடுக்க வேண்டும்."

"அப்படியே ஆகட்டும்!"

மருதி தன் இருக்கையின் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்பாவின் இருக்கை. அவ்வளவு பெரிய மரம் சாய்ந்தால் கீழே என்ன மிஞ்சும்?

மழை கொட்டிக்கொண்டிருந்தபோதே கோளரியார் கோடரிகளோடு காட்டுக்குப் போனார். மருதியும் போனாள். பெரிய மரத்தின் மேற்குப் பக்கம் இளந்தடசுகள் நெருக்கியடித்து நின்றன. வெயிலைத் தேடித் தேடி, பக்கக் கிளைகூட விடாமல், நூல் பிடித்ததுபோல நேராக உயர்ந்திருந்தன. கிழக்கே வெறும் புல்தரை.

கோளரியார் மேற்கே கை நீட்டினார். "இந்தப் பக்கமாகச் சாயுங்கள்!"

மருதி கைகூப்பினாள். "எவ்வளவு கம்பீரமான மரம், தண்டநாயகரே! ஒன்றே ஒன்றுதான் உறுத்துகிறது. அரண்மனை கிழக்கே இருக்கிறது. ராஜமரம் ராஜாவுக்குப் புறமுதுகு காட்டியா விழ வேண்டும்? விழுந்து வணங்கினால் மகாராஜாவிடம் சொல்ல எவ்வளவு அழகாக இருக்கும்!"

கோளரியாரின் மார்பு விரிந்தது. "நானும் அதைத்தான் நினைத்தேன். டேய், கிழக்கே சாயுங்கடா!"

மரம் கிழக்கே விழுந்து வணங்கியது. இளந்தடசுகளில் ஓர் இலைகூட உதிரவில்லை.

கோளரியாரின் தச்சர்கள் ஈரமரத்தை அறுத்து, வெயிலில் காயப்போட்டு, வில்லின் முதுகெல்லாம் சிங்கமும் யாளியும் செதுக்கித் தங்கப்பூச்சுப் பூசினார்கள். மருதி காத்திருந்தாள். இலை உதிர்ந்து, மரத்தில் நீரோட்டம் அடங்கிய பிறகே காட்டுக்குப் போனாள். ஒவ்வொரு மரத்தையும் சுற்றிவந்து தடவிப் பார்த்தாள். ஒன்று சாய்ந்து நின்றது, வேண்டாம். ஒன்றில் புழு ஏறியிருந்தது, வேண்டாம். கணுவும் முறுக்கும் இல்லாத ஒன்றை மட்டும் வெட்டச் சொல்லி, பக்கத்து மரங்களுக்குக் காயம் படாமல் இறக்கினாள். வெட்டுமுனைகளில் மெழுகு பூசி, மரத்தை நெடுக்காகப் பிளந்து நிழலில் காயவைத்தார்கள். வில்செய்வோரிடம் அவள் சொன்னது ஒன்றுதான்: "பட்டையை உரியுங்கள். அதன் அடியில் வில்லுக்கு முதுகாகும் மரத்தை மட்டும் உளி தொடக்கூடாது; அங்கே நார் அறுந்தால் வில் முறியும்."

விழா வந்தது. வீரகேது முன்வரிசையில் மீசையைத் தயாராக வைத்திருந்தான். உக்கிரசேனன் தங்கப்பூச்சு வில்லை எடுத்து இழுத்தான். படீர்! செதுக்கிய சிங்கத்தின் கழுத்திலேயே முறிந்து விழுந்தது.

மருதி தன் வில்லை நீட்டினாள்.

"இதென்ன, ஆடு ஓட்டும் கோலா? ஓர் அலங்காரம்கூட இல்லையே!"

"இதற்கு அலங்காரம் நீங்கள் விடும் அம்புதான், மகாராஜா."

ராஜா இழுத்தான். வில் பிறைபோல வளைந்தது. இன்னும் இழுத்தான், இன்னும் வளைந்தது. அம்பு இலக்கைத் துளைத்து, பின்னாலிருந்த மண்மேட்டில் இறகுவரை புதைந்தது. வீரகேது எழுந்து நின்றுவிட்டான்.

"இது எந்தத் தேசத்து மரம்?"

"வேங்கைநாட்டு மரம்!" என்று உக்கிரசேனன் முழங்கினான். "தேர்ந்தெடுத்தவர் வேங்கைநாட்டு அமைச்சர்!"

மருதி நிமிர்ந்து சொன்னாள்: "பாதிப் பெருமை தண்டநாயகருக்குத்தான், மகாராஜா. அவருடைய பெரிய மரத்தின் நிழலில் நின்றதால்தான் இது இவ்வளவு நேராக வளர்ந்தது. நிழலில் கிடந்தால் நேராக வளர வேண்டியிருக்கிறது. எனக்கும் அப்படித்தான்."

ராஜா தூணை நினைத்துக்கொண்டான். முகம் மாறியது. அன்றே மருதியின் இருக்கை சிம்மாசனத்துக்குப் பக்கத்தில் வந்தது.

"இந்தக் கோளரியாரை எல்லைக்கு விரட்டிவிடட்டுமா?"

"வேண்டாம், மகாராஜா. இவரும் எல்லையில் உட்கார்ந்து பாயசத்துக்குக் காத்திருப்பார். தூணுக்குப் பின்னால் இடம் காலியாக இருக்கிறதே" என்றாள் மருதி. "கொஞ்ச நாள் நிழலில் இருக்கட்டும். நேராக வளர்ந்தாலும் வளர்வார்."

அன்று சபையில் எழுந்த சிரிப்பு வீரகேதுவின் நாடுவரை கேட்டதாம். அதற்குப் பிறகு வேங்கைநாட்டு வில் எதுவும் விழாவில் முறிந்ததாக யாரும் சொல்லக் கேள்வியில்லை.