ஒரு வரி கூடப் படிக்காமல்

ரெஜினா டீச்சரின் கம்ப்யூட்டர் மூன்றாவது முறையாகக் கடைக்கு வந்தது.

"அண்ணாச்சி, மறுபடியும் திரை நீலமாகி நின்னுருது. ஆறு வருஷ ஆராய்ச்சி இதுக்குள்ளதான் இருக்கு, வேற எங்கயும் இல்ல. வெள்ளிக்கிழமை யுனிவர்சிட்டியில கொடுக்கணும்" என்று சொல்லிவிட்டு டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

உச்சிமாகாளிக்குக் கோபம் வர அதுவே போதுமானதாக இருந்தது. ஐம்பத்திரண்டு வயதில், மில் மூடிய பிறகு, தன்னைவிடப் பதினெட்டு வயது சிறியவரான கடை முதலாளியம்மா செல்வகனியிடம் தொழில் கற்க வந்தவர் அவர். முந்தின இரண்டு முறையும் உள்ளே இருந்ததை அழித்து ஃபார்மட் அடித்து, புதிதாக விண்டோஸ் ஏற்றிக் கொடுத்தது அவர்தான். டிரைவர் எல்லாம் புதிதாகப் போட்டார். சி பகுதியில் இருந்த ஃபைல்களை அதே டிஸ்கின் டி பகுதிக்கு நகர்த்திவிட்டுத்தான் அடித்தார். நம் ஊர்க் கடைகளில் அதற்குப் பேர் பேக்கப்.

உள்ளே வந்து செல்வகனியிடம் பொரிந்து தள்ளினார்.

"கண்டதையும் டவுன்லோடு பண்ணுதாங்க மேடம். அப்புறம் நம்மளக் குறை சொல்லுதாங்க. நம்ம வேலைக்கு ஒரு மரியாதை இல்லையா? இன்னொரு தடவை அடிச்சு விட்டுருதேன்."

செல்வகனி ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார்.

"உங்க கோபத்த எழுதுங்க அண்ணாச்சி. ஒண்ணு விடாம."

எழுதினார். நாள், மணி எல்லாம் போட்டு எழுதினார். சோறு தண்ணி இல்லாமல் அந்தக் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டியதை எழுதினார். முன்பக்கம் தீர்ந்து பின்பக்கமும் நிறைந்தது.

செல்வகனி அதை வாங்கினார். பார்க்கக்கூட இல்லை. சுக்குநூறாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு இன்னொரு வெள்ளைத் தாளை நீட்டினார்.

"இந்தாங்க, புதுத்தாள். எல்லாம் சரியாப் போச்சு."

உச்சிமாகாளிக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"என்ன சரியாப் போச்சு? ஒரு வரி படிச்சீங்களா? வேலை கத்துக்க வந்தவன்னா அவன் எழுதுனது குப்பையா?"

செல்வகனி டீச்சரின் கம்ப்யூட்டரைப் போட்டார். தனக்கு நேர்வதையெல்லாம் கம்ப்யூட்டர் தானே குறித்து வைக்கும் பதிவு ஒன்று உண்டு. அதைத் திறந்தார். திரை முழுக்கச் சிவப்புக் குறிகள்.

"படிங்க."

டிஸ்கில் பழுதான இடம் இருக்கிறது என்றது முதல் வரி. நாள், மணி போட்டிருந்தது. அடுத்த வரியும் அதையேதான் சொன்னது. பதினோரு நாளில் நாற்பத்தாறு முறை சொல்லியிருந்தது.

உச்சிமாகாளியின் குரல் இறங்கிவிட்டது.

"முந்தின ரெண்டு தடவையும் எழுதியிருக்குமோ?"

"எழுதியிருக்கும். ஃபார்மட்டுல அதுவும் சேர்ந்து போச்சு."

செல்வகனி கம்ப்யூட்டரை அணைத்து டிஸ்கைக் கழற்றினார். தன் கம்ப்யூட்டரில் மாட்டி, ஃபைல்களை வேறொரு டிஸ்குக்கு இழுக்க ஆரம்பித்தார். மூன்று மணி நேரம் ஆயிற்று. ஆய்வேட்டின் ஏழு அத்தியாயங்களில் ஐந்து வந்தன. மற்ற இரண்டும் திறக்கவில்லை.

டீச்சர் எழுந்து வந்து திரையைப் பார்த்தார். பிறகு உச்சிமாகாளியைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூட அவருக்குத் தேவலாம் போலிருந்தது.

"அந்த ரெண்டையும் எப்படியாவது கொண்டுவர முடியாதா மேடம்?" என்றார் உச்சிமாகாளி.

செல்வகனி குப்பைக்கூடையைத் தூக்கி அவர் முன்னால் மேஜையில் வைத்தார்.

"மொதல்ல இத ஒட்டுங்க அண்ணாச்சி. நான் படிக்கணும்."