மலையடியா, ஆற்றோரமா?

மடிப்புக் கலையாத வேட்டிக்குப் பேர்போன ரைஸ்மில் முதலாளி அம்பலவாணர் வீட்டில் காலையிலிருந்தே ஒரே இரைச்சல். குடும்பத்தோடு போக ஆற்றோர வாட்டர் பார்க்தான் சரி என்றாள் மனைவி. மலையடிப் பார்க்தான் என்று நின்றாள் அவர் தங்கை. முதலாளி டிரைவர் மாசானத்தைக் கூப்பிட்டார்.

"எதுன்னு நீ முடிவு பண்ணு. இவங்க ரெண்டு பேர்ல ஒரு முகம் சுளிச்சாலும் நாளைக்கு உனக்கு வேலை கிடையாது."

மாசானம் பெண்கள் பக்கம் திரும்பினான். "ரெண்டு இடத்துலயும் வேட்டியோட தண்ணியில இறங்க விடமாட்டாங்கம்மா. முதலாளிக்கும் அரைக்கால் சட்டைதான். ஆத்தோரத்துல கறுப்பு குடுக்காங்க, மலையடியில பெரிய பெரிய பூப்போட்டது."

"மலையடி!" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

மாசானம் சாவியை எடுத்தான். "சுளிச்சது உங்க முகம் மட்டுந்தான் முதலாளி. வண்டிய எடுக்கட்டுமா?"