பாய் கட்டிய மாப்பிள்ளையும் கரண்டு அடுப்பும்

வெள்ளந்திப்பட்டி எங்கே இருக்கிறது என்று அந்த ஊர்க்காரர்களைக் கேட்டால், காலுக்குக் கீழே கையைக் காட்டி, "இந்தா, இங்கதான்" என்பார்கள். அதற்கு மேல் வழி சொல்ல அவர்களுக்கு வராது. கேட்கிறவரும் அங்கேயேதான் நின்றுகொண்டிருப்பார் என்பதால் இதுவரை யாரும் குறை சொன்னதில்லை.

அந்த ஊரில் அண்ணன் தம்பி மூன்று பேர் ஒரே வீட்டில் இருந்தார்கள். மூத்தவன் சுடலையாண்டி. நாற்பதை எட்டிப் பார்க்கிற வயசு, இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அடுத்தவன் பேச்சிமுத்து, எதையும் நன்றாக யோசித்துத்தான் சொல்வான். கடைசி கோமதிநாயகம், அவன் யோசிக்கவே மாட்டான். ஆனால் இரண்டு பேர் சொல்வதும் ஒன்றாகத்தான் இருக்கும்.

சுடலையாண்டிக்கு வந்த வரன் எல்லாம் வாசலோடு திரும்பிப் போயிற்று. கடைசியில் தென்காசிப் பக்கத்திலிருந்து வடிவு என்று ஒரு பெண்ணைத் தரகர் சொன்னார். மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள், நல்ல குணம், ஆனால் விறகுப் புகை பட்டால் அவளுக்கு மூச்சு இழுக்கும். புகை இல்லாத அடுப்பு இருக்கிற வீட்டுக்குத்தான் வாக்கப்படுவேன் என்று பிடிவாதமாக இருக்கிறாளாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை அப்பா அம்மாவோடு வந்து அடுப்பைப் பார்த்துவிட்டு, அதில் சமைத்த சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு, அப்புறம்தான் மாப்பிள்ளையைப் பார்ப்பாளாம்.

தரகர் காட்டிய போட்டோவை சுடலையாண்டி வாங்கிப் பார்த்தான். திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டான். மறுநாளே டவுனுக்குப் போய் ஒரு கரண்டு அடுப்பு வாங்கி வந்தார்கள். மேலே நாலு வட்டத் தட்டு, கீழே ரொட்டி சுடுகிற பெட்டி, முன்னால் வரிசையாகத் திருகு. கடையிலிருந்து இசக்கிராஜ் என்கிற மெக்கானிக் கூடவே வந்து அதை மாட்டிக் கொடுத்தார். நல்ல மனுஷர். மாட்டி முடித்ததும் மூன்று பேரையும் நிறுத்தி வைத்துச் சொன்னார்.

"அண்ணாச்சி, கவனமாக் கேளுங்க. துணிமணியை அடுப்புப் பக்கம் கொண்டு போகாதீங்க. எதைக் கொதிக்க வச்சாலும் மூடி போட்டே வைங்க, திறந்து திறந்து பாத்தா கரண்டு வீணாப் போகும். எரியுற அடுப்பைத் தனியா விட்டுட்டு எங்கயும் போகாதீங்க. பால் வச்சா பொங்குதான்னு பக்கத்துலயே நின்னு பாத்துக்கிட்டு இருங்க. எண்ணெய் கிண்ணெய் பத்தி எரிஞ்சா தண்ணி ஊத்திராதீங்க, ஒரு மூடியை எடுத்து அமுக்கி மூடிருங்க. எல்லாத்துக்கும் மேல, வெளிய போகும்போது அடுப்பை அணைச்சுட்டுத்தான் போகணும்."

சுடலையாண்டி அத்தனையையும் மனப்பாடம் செய்துகொண்டான். கடைசியாகச் சொன்னது மட்டும் அவனுக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. வயசு இத்தனை ஆகியும் அவன் இதுவரை யாரையும் அணைத்தது கிடையாது.

இசக்கிராஜை பஸ் ஏற்றிவிட மூன்று பேரும் கிளம்பினார்கள். வெளியே போக வேண்டும் என்றால் அணைத்துவிட்டுத்தானே போக வேண்டும். சுடலையாண்டி முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, கண்ணை மூடி, இரண்டு கையையும் விரித்து அடுப்பைக் கட்டிக்கொண்டான். அடுப்பு சில்லென்று இருந்தது. அடுத்து பேச்சிமுத்து அணைத்தான். கோமதிநாயகம் அணைத்ததோடு இல்லாமல் முதுகில் தட்டியும் கொடுத்தான். வாசலில் நின்று பார்த்த இசக்கிராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எத்தனையோ வீட்டுக்கு அடுப்பு மாட்டியிருக்கிறார், சாமான் மேல் இவ்வளவு ஆசை உள்ளவர்களை அவர் பார்த்ததே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அடுப்பு சூடானால் அணைக்க முடியாது என்று பேச்சிமுத்து முன்யோசனையாகச் சொன்னதால், விடிந்ததும் அன்றைக்கு முழுவதற்குமாகச் சேர்த்து மூன்று பேரும் அணைத்து முடித்துவிட்டார்கள். அப்புறம் வீட்டில் இருந்த துணி மொத்தத்தையும் மூட்டையாகக் கட்டினார்கள். பெண் வீட்டார் வரும்போது கட்டிக்கொள்ள சுடலையாண்டி வாங்கி வைத்திருந்த புது ஜரிகை வேட்டியும் மூட்டைக்குள் போயிற்று. கோமதிநாயகம் அதைத் தூக்கிக்கொண்டு போய் பக்கத்து ஊர்ச் சலவைக் கடையில் போட்டுவிட்டு வந்தான்.

அவன் திரும்பி வந்தபோது பேச்சிமுத்து தாடையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான்.

"அண்ணே, நாம கட்டியிருக்கதும் துணிதானே."

சுடலையாண்டி குனிந்து பார்த்தான். துணிதான்.

"அப்ப நாம அடுப்புப் பக்கம் போகக் கூடாதுல்லா. போகாம எப்படிச் சமைக்கது?" என்றான் பேச்சிமுத்து.

வாழை இலையைக் கட்டிக்கொள்ளலாம் என்றான் கோமதிநாயகம். அது சாப்பிடுகிற இலை, கட்டினால் மரியாதை இல்லை என்று சுடலையாண்டி மறுத்துவிட்டான். கடைசியில் பேச்சிமுத்துதான் பரணைப் பார்த்தான். அங்கே கோரைப் பாய் சுருட்டி வைத்திருந்தது. பாய் துணி இல்லை, கோரை. ஆளுக்கு ஒரு பாயை நெஞ்சிலிருந்து முழங்கால் வரை சுற்றி, தேங்காய் நார்க் கயிற்றால் இறுக்கிக் கட்டிக்கொண்டார்கள். கட்டியிருந்த துணியை மட்டும் எங்கேயாவது தூரமாகக் கொண்டுபோக வேண்டுமே என்று கொல்லைக் கிணற்றுக்குள் போட்டுவிட்டார்கள்.

பாய் கட்டினால் குனிய முடியாது, உட்காரவும் முடியாது. நின்றபடியே சமையலை ஆரம்பித்தார்கள். முதலில் பால். மூன்று பேரும் சுற்றி நின்று கண் இமைக்காமல் பார்த்தார்கள். பால் சூடாயிற்று, நுரைத்தது, ஏறியது, விளிம்பைத் தொட்டது. "பொங்குது" என்றான் கோமதிநாயகம். "பாத்துக்கிட்டே இரு" என்றான் பேச்சிமுத்து. கடைசிச் சொட்டு வழிந்து அடுப்பில் கருகுகிற வரை ஒருத்தனும் பார்வையை எடுக்கவில்லை. ஒரு வேலையாவது சரியாக முடிந்ததே என்று சுடலையாண்டிக்கு நிம்மதியாக இருந்தது.

அடுத்தது சோறு. பானையில் தண்ணீர் ஊற்றி, மூடி போட்டு வைத்தார்கள். தண்ணீர் கொதித்தபோதுதான் அரிசி வெளியே இருப்பது தெரிந்தது. மூடியைத் திறந்தால் கரண்டு வீணாகும். திறக்காமல் அரிசி உள்ளே போகாது. பேச்சிமுத்து பானையைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, அரிசியைக் களைந்து மூடியின் மேலேயே பரப்பி வைத்தான். உள்ளே வரவேண்டியது அரிசியின் பொறுப்பு, நாம் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோம் என்றான். சுடலையாண்டிக்கும் அது நியாயமாகப் பட்டது.

சாம்பாரை வைத்துவிட்டுப் பார்த்தால் இலை அறுக்கவில்லை. பெண் வீட்டாருக்கு முதல் முதலாகப் போடுகிற இலை, மூத்தவனே தன் கையால் அறுக்க வேண்டும். உயரத்தில் இருக்கிற இலையை வளைத்துப் பிடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆக மூன்று பேரும் தோட்டத்துக்குப் போக வேண்டும். எரிகிற அடுப்பைத் தனியாக விடவும் கூடாது. கோமதிநாயகம் ஓடிப்போய் மூலையில் கிடந்த பழைய மண்ணெண்ணெய் ஸ்டவ்வைத் தூக்கி வந்து புது அடுப்புக்குப் பக்கத்தில் துணைக்கு வைத்தான். மூன்று பேரும் நிம்மதியாக இலை அறுக்கப் போனார்கள்.

திரும்பி வந்தபோது சாம்பார் அடி பிடித்துக் கரியாகியிருந்தது. சுடலையாண்டி யாரையும் திட்டுகிறவன் இல்லை. ஆனால் அன்றைக்கு அந்தப் பழைய ஸ்டவ்வின் எதிரில் போய் நின்று, உன்னை நம்பித்தானே விட்டுவிட்டுப் போனோம் என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டான்.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஆள் சத்தம் கேட்டது. வடிவின் அப்பா நம்பிராசன், அம்மா உலகம்மாள், பின்னால் வடிவு. பாயைக் கட்டிக்கொண்டு மூன்று பேர் வரிசையாக நின்று கும்பிடுவதைப் பார்த்து உலகம்மாள் ஒரு அடி பின்வாங்கினாள். வடிவு போட்டோவில் இருந்ததைவிட உயரமாக இருந்தாள். சுடலையாண்டிக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. வந்தவர்கள் துணி உடுத்தியிருந்ததால் அடுப்பங்கரைக்குள் விடாமல் முற்றத்திலேயே நிறுத்தி, பாய் ஏன் கட்டியிருக்கிறோம் என்று அவன் முறையாக எடுத்துச் சொன்னான். சொல்லிவிட்டு, உள்ளே வந்து அடுப்பைப் பார்ப்பதற்கு வசதியாக இருக்கட்டும் என்று நம்பிராசனிடமும் ஒரு பாயை மரியாதையாக நீட்டினான்.

நம்பிராசன் அதை வாங்கித் தரையில் விரித்து அதன் மேல் உட்கார்ந்தார். அண்ணன் தம்பி மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாவம், இவருக்குப் பாய் கட்டத் தெரியவில்லை.

இலை போட்டார்கள். பேச்சிமுத்து பானையைத் தூக்கி வந்து, மூடியை அரிசியோடு பத்திரமாக எடுத்துத் தனியே வைத்துவிட்டு, ஆளுக்கு ஒரு அகப்பை வெந்நீர் ஊற்றினான். வெந்நீர் இலையிலிருந்து வழிந்து நம்பிராசனின் வேட்டியை நனைத்தது. இலை நடுவில் கோமதிநாயகம் சாம்பார்க் கரியில் ஒரு கட்டியை நின்றபடியே போட்டான்.

காலையில் ஒன்றும் சாப்பிடாமல் இரண்டு பஸ் மாறி வந்த மனுஷர். அவர் இலையைப் பார்த்தார், மூன்று பேரையும் பார்த்தார். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

"எனக்கு வயிறு பத்தி எரியுது."

சொல்லிவிட்டுத் தண்ணீர்ச் செம்புக்குக் கை நீட்டினார். அவ்வளவுதான். கோமதிநாயகம் பாய்ந்து செம்பைப் பிடுங்கினான், பற்றி எரிகிற இடத்தில் தண்ணீர் படக் கூடாதே. பேச்சிமுத்து பானை மூடியை எடுத்து அரிசியைக் கொட்டிவிட்டு, மூடியை நம்பிராசன் வயிற்றில் வைத்து இரண்டு கையாலும் அமுக்கினான். பாய் கட்டியிருந்ததால் குனிய வராமல், அவர் மேலேயே மரக்கட்டை மாதிரி விழுந்துதான் அமுக்க முடிந்தது. சுடலையாண்டி ஓடிப்போய் மெயின் சுவிட்சையும் நிறுத்திவிட்டு வந்தான்.

நம்பிராசன் மல்லாந்து கிடந்தபடி கையைக் காலை உதறினார். விடுங்கலே என்று கத்தினார். கத்தக் கத்த, இன்னும் எரிகிறது போலிருக்கிறது என்று பேச்சிமுத்து அழுத்திப் பிடித்தான். அப்போதுதான் வடிவு சிரிக்க ஆரம்பித்தாள். தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வந்தது. சிரித்து முடித்துவிட்டு அப்பா பக்கத்தில் குனிந்து, "எரியுறது நின்னுட்டுன்னு சொல்லுங்கப்பா, எழுந்திரிச்சிருவாங்க" என்றாள்.

நம்பிராசன் வானத்தைப் பார்த்துக்கொண்டே, நின்றுவிட்டது என்றார். பேச்சிமுத்து எழுந்து, தன்மையாக அவர் மேல் இருந்த அரிசியைத் தட்டிவிட்டான்.

உலகம்மாள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பத் தயாரானாள். வடிவு நகரவில்லை. எங்க அப்பா இத்தனை வருஷத்தில் ஒரு டம்ளர் வெந்நீர்கூட வைத்துக் கொடுத்தது இல்லை, இவர்கள் மூன்று பேரும் பாயைக் கட்டிக்கொண்டு ஒரு பானை வெந்நீர் வைத்திருக்கிறார்கள், அதுவும் விறகுப் புகை ஒரு துளி இல்லாமல் என்றாள். தனக்குச் சம்மதம் என்றும் சொன்னாள்.

பெண்ணே சொன்ன பிறகு என்ன செய்வது? நம்பிராசன் ஈர வேட்டியைப் பிழிந்துகொண்டே சுடலையாண்டியைப் பார்த்தார்.

"உங்களுக்குப் பொண்ணு பிடிச்சிருக்கா?"

சுடலையாண்டி தன் இரண்டு கையையும் பார்த்தான். கை காலியாக இருந்தது. மாமனார் ஆகப்போகிறவரிடம் அவனுக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"இல்ல" என்றான். "இன்னும் பிடிக்கல."

வடிவின் முகம் வாடியது. அதைப் பார்த்த சுடலையாண்டிக்குத் தப்பு எங்கே என்றுதான் தெரியவில்லை. அவன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நிற்பதை வடிவு கொஞ்ச நேரம் கவனித்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. இரண்டு எட்டு முன்னால் வந்து தன் கையை நீட்டினாள்.

"பிடிங்க" என்றாள்.

பிடித்தான். அடுப்பு மாதிரி சில்லென்று இல்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "இப்பப் பிடிச்சிருக்கு" என்றான்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நம்பிராசன் கிளம்பினார். ஆனால் சுடலையாண்டி கையை விடவில்லை. விட்டால் பிடிக்கவில்லை என்று ஆகிவிடும், பிடிக்கவில்லை என்றால் சம்பந்தம் முறிந்துவிடும். தம்பிகள் இருவரும் இதை முன்னும் பின்னும் அலசிப் பார்த்துவிட்டு, தாலி கட்டுகிற வரைக்கும் விட வேண்டாம் என்று தீர்ப்புச் சொன்னார்கள். வடிவும் கையை உருவிக்கொள்ளப் பார்த்ததாகத் தெரியவில்லை. ஆக, பிடித்த கையோடு சுடலையாண்டியும் பஸ் ஸ்டாப்புக்கு வந்தான்.

தென்காசி பஸ் வந்தது. ஒரே கூட்டம். நெஞ்சு முதல் முழங்கால் வரை பாயோடு ஒருத்தன் படியில் ஏற முடியாமல் முட்டிக்கொண்டு நிற்பதைக் கண்டக்டர் தூரத்திலிருந்து பார்த்தார்.

"வழியை அடைக்காதீங்க. அந்தப் பாயைச் சுருட்டிக் கட்டி மேல போடுங்க."

அன்றைக்குக் காலையிலிருந்து தம்பிகள் காதில் விழுந்ததிலேயே தெளிவான வார்த்தை அதுதான். அண்ணனைப் படுக்க வைத்தார்கள், பாயை இன்னும் இரண்டு சுற்று இறுக்கிச் சுருட்டினார்கள், கயிற்றால் கட்டினார்கள், ஏணி வழியாகத் தூக்கிக்கொண்டு போய் பஸ் கூரையில் கம்பி ஓரமாகப் போட்டார்கள். சுடலையாண்டி ஒன்றும் மறுப்புச் சொல்லவில்லை. ஏறுகிற நேரத்துக்கு மட்டும் பிடி விட்டுப்போனால் குற்றமில்லை என்று பேச்சிமுத்து சொன்னதும், வலது கையை மட்டும் வெளியே விட்டுக் கட்டச் சொன்னான். வடிவு உள்ளே ஓடிப்போய் ஜன்னலோரம் இடம் பிடித்து, கையை வெளியே நீட்டி, மேலிருந்து தொங்கிய கையைப் பற்றிக்கொண்டாள்.

பஸ் கிளம்பியது. வலது பக்கம் கை நீட்டியிருப்பதைப் பார்த்து, முந்தக் கூடாது என்று சொல்கிறார்களாக்கும் என்று பின்னால் வந்த லாரிக்காரர் வேகத்தைக் குறைத்தார். அவருக்குப் பின்னால் வந்த காரும் குறைத்தது. அதற்குப் பின்னால் டிராக்டர், இரண்டு வேன், ஒரு டெம்போ. தென்காசி வரைக்கும் ஒருத்தரும் முந்தவில்லை. இவ்வளவு நீள வரிசையைப் பார்த்து, யாரோ பெரிய இடத்து மாப்பிள்ளை அழைப்பு போகிறது என்று வழிநெடுக ஜனங்கள் கடை வாசலில் எழுந்து நின்று கும்பிட்டார்கள். ஆனால் மாப்பிள்ளை எந்த வண்டியில் போகிறார் என்பதுதான் கடைசி வரை யாருக்கும் தெரியவில்லை.