ஆள்காட்டி வாய் மூடிய கதை

குளக்கரைக் கூழாங்கற்களுக்கு நடுவே ஓர் ஆள்காட்டிக் குருவி முட்டையிட்டிருந்தது. முட்டைகளும் கூழாங்கற்களைப் போலவே இருக்கும். தேடினாலும் கிடைக்காது. அவற்றின்மேல் ஒரு காக்கைக்குக் கண்.

குருவியோ எதற்கெடுத்தாலும் கத்தும். இலை விழுந்தால் கத்தும். தவளை குதித்தால் கத்தும். தன் நிழலைப் பார்த்தே ஒருமுறை கத்திவிட்டு வெட்கப்பட்டது. இதில் எந்தக் கத்தல் முட்டைக்கான கத்தல் என்று காக்கைக்குப் பிடிபடவில்லை. யோசித்து ஒரு வழி கண்டது.

"அக்கா! இப்படிக் கத்தினா உடம்பு என்னத்துக்கு ஆகும்? தினமும் விடிஞ்சதும் கொஞ்ச நேரம் கண்ணை மூடித் தியானம் பண்ணுங்க!"

'இலைக்கும் தவளைக்கும் வாயை மூடிவிட்டால், அப்புறம் கத்துவது முட்டைக்குத்தான்! ஆள்காட்டி எனக்கு முட்டைகாட்டி ஆகிவிடும்!' என்று காக்கை உள்ளுக்குள் சிரித்தது.

"நானா? எங்க பரம்பரைக்கே கத்துறதுலதான் பேரு!" என்றது குருவி. ஆனாலும் அமைதியாக இருந்து பார்க்கும் ஆசை விடவில்லை.

மறுநாள், குளத்தில் ஊறிக் கிடந்த எருமையின் முதுகில் போய் உட்கார்ந்து கண்ணை மூடியது. 'அடடா, எவ்வளவு அமைதியாக இருக்கிறேன்! யாராவது பார்க்கிறார்களா?' ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தது. ஒருவரும் பார்க்கவில்லை. மனசு நொந்துபோயிற்று.

"எருமை அண்ணே! நான் அமைதியாயிட்டேன்!" என்று குளமே அதிரக் கத்தியது.

"அதைக் கொஞ்சம் அமைதியாச் சொல்லு தாயி!" என்றது எருமை.

குருவிக்குத் தன்மேலேயே சிரிப்பு வந்தது. 'நமக்கு இதெல்லாம் சரிப்படாது!' என்று நினைத்தது. ஆனாலும் அடுத்த நாளும் வந்தது. அதற்கடுத்த நாளும் வந்தது. கத்தல் தொண்டைவரை வரும். ஒரு மூச்சு இழுத்து விடும். கத்தல் கீழே இறங்கிவிடும். மெல்ல மெல்ல இலைக்குக் கத்துவது நின்றது. தவளைக்கும் நின்றது.

காக்கை காத்திருந்தது இதற்குத்தான். ஒரு காலை, குருவி எருமைமேல் இருக்கும்போது, கற்களுக்கு நடுவே இறங்கி நடந்தது. குருவியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நடந்தது. தெரியாமலே முட்டைகளுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

குருவி கண்ணைத் திறந்து அதைப் பார்த்தது. கத்தினால் இடம் தெரிந்துவிடும்! பறந்து போனாலும் தெரிந்துவிடும்! ஒரு மூச்சு இழுத்தது. விட்டது. இன்னொன்று இழுத்தது.

"அக்கா, இங்கே நிக்கிறேனே! ஒண்ணும் சொல்லலையா?"

"நல்லா நில்லுப்பா! காலை வெயில் உடம்புக்கு நல்லது!"

"சே! இங்கேயும் இல்லையா?" என்று காக்கை எரிச்சலோடு அடுத்த குளத்துக்குப் பறந்தது. தான் கொடுத்த புத்தியே தன் இரையைத் தட்டிப் பறித்தது அதற்குத் தெரியவில்லை.

குருவி பறந்துபோய் முட்டைகளை இறகுக்குள் அணைத்துக்கொண்டது.

"அமைதி வந்ததா, வந்ததான்னு தினமும் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேனே, அசடு! நிஜமா வந்தபோது பார்க்க நேரமே இல்லை!" என்று சொல்லிச் சிரித்தது.

தினமும் பழகுகிற அமைதி முதலில் கேலிக்கூத்தாகத் தெரிந்தாலும், ஆபத்து வேளையில் அதுவே கைகொடுக்கும்.