பலகை இல்லாமல் நின்ற பெட்டி

"டீச்சர், பலகையை எடுத்துட்டேனுங்க. பெட்டி விழ மாட்டேங்குது," என்றார் மாசிலாமணி.

ஆக்னஸ் டீச்சர் திரும்பவில்லை. ஜன்னலுக்கு வெளியே காப்பிச் செடிகள்மேல் மூடுபனி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எந்தப் பெட்டி?"

"ட்ரங்குப் பெட்டிங்க. பரண்மேல இருக்குமே, அது."

"அந்தரத்துல நிக்குதா?"

"நிக்குதுங்க."

"எத்தனை நாளா?"

மாசிலாமணி யோசித்தார்.

"கவனிக்கலீங்க."

*

ஆக்னஸ் டீச்சர் ஏற்காட்டில் தனியாக இருந்தார். முன்பு சென்னையில் வீடியோ கேம் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை. ஒரு நாள் போதும் என்று தோன்றியதும் மலையேறி வந்துவிட்டார். கற்றுக்கொள்ள யாராவது வந்தால் சொல்லித்தருவார். கேள்வி கேட்டால் பதில் வராது, இன்னொரு கேள்விதான் வரும். அதனால் வந்தவர்களில் பாதிப் பேர் இரண்டாம் முறை வருவதில்லை.

மாசிலாமணி மட்டும் வந்துகொண்டே இருந்தார். அவருக்குப் போக வேறு இடம் இல்லை.

டீச்சரைவிட அவர் மூத்தவர். சேலத்தில் ஒரு நூல் மில்லில் கம்ப்யூட்டர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரும் மனைவி கோகிலமும் சேர்ந்து ஒரு கேம் செய்ய ஆரம்பித்தார்கள். கோகிலம் படம் வரைவார், இவர் நிரல் எழுதுவார். ஒரு குடும்பம் வீடு காலி செய்கிறது. பரண்மேல் உள்ள சாமான்களைக் கீழே நிற்கும் லாரியில் உடையாமல் இறக்க வேண்டும். அவ்வளவுதான் கேம். வாழ்க்கை முழுக்க வாடகை வீடு மாறியவர்களுக்கு வேறென்ன தோன்றும்?

போன ஐப்பசியில் கோகிலம் இறந்துபோனார். படமெல்லாம் முடிந்திருந்தது. நிரல்தான் பாக்கி.

மாசிலாமணி அழவில்லை. காரியம் முடிந்த மறுநாளே கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தார். கோகிலத்தின் செல்போனுக்கு மாதாமாதம் ரீசார்ஜ் செய்தார். எதற்கு என்று கோவையிலிருந்து மகள் தேன்மொழி கேட்டபோது, "விட்டா கட் ஆயிருமில்ல," என்றார்.

"எங்கூட வந்துருங்கப்பா," என்றாள் தேன்மொழி.

"கேம் முடியட்டும்."

அதன்பிறகு அவள் கூப்பிட்டாலும் அவர் எடுப்பது குறைந்தது. அம்மாவோடு அப்பாவும் போய்விட்டது போல இருந்தது அவளுக்கு.

மாசிலாமணிக்குத் தனிமையாக இருந்தது. அதைப் பசி என்று நினைத்து அடிக்கடி பன் வாங்கித் தின்றார்.

*

முதல் நாள் அவர் கேட்டது இது.

"கேம்ல லாரி ஓடறப்ப, லாரியை நகர்த்தணுங்களா, ரோட்டை நகர்த்தணுங்களா?"

"பஸ்ல தானே வந்தீங்க? மரம் ஓடுச்சா, நீங்க ஓடினீங்களா?"

"மரம்தாங்க ஓடுச்சு. நான் உக்காந்த இடத்துலயேதான் உக்காந்திருந்தேன்."

"அப்ப அப்படியே எழுதுங்க."

இன்னொரு நாள், வீட்டுக்குப் பின்னால் நிற்க வேண்டிய மலை வீட்டுக்கு முன்னால் வந்து நின்றது.

"எதை முதல்ல வரைஞ்சீங்க?"

"வீட்டைங்க."

"முதல்ல வரையறது பின்னால போயிரும். அடுத்தடுத்து வரையறது அதை மறைக்கும்."

"வீடு எங்கயும் போயிடலையே டீச்சர்?"

"போகலை. மறைஞ்சிருக்கு."

அந்தப் பதில் மாசிலாமணிக்குப் பிடித்திருந்தது. பஸ்ஸில் மலையிறங்கும்போது எல்லாக் கொண்டை ஊசி வளைவிலும் அதையே நினைத்துக்கொண்டு போனார். பிடித்த பதிலை மட்டும் வைத்துக்கொள்வதில் அவர் கெட்டிக்காரர்.

*

"படத்தை எடுத்தீங்களா, பலகையை எடுத்தீங்களா?" என்றார் டீச்சர்.

இதில் மாசிலாமணி முன்பு ஒருமுறை மாட்டிக்கொண்டிருந்தார். கேமில் எந்தப் பொருளும் இரண்டு பொருள். ஒன்று கண்ணுக்குத் தெரியும் படம். மற்றது முட்டவும் தாங்கவும் உள்ளே இருக்கும் கட்டம், அது கண்ணுக்குத் தெரியாது. படத்தை மட்டும் அழித்தால் கட்டம் அங்கேயே இருந்து தாங்கிக்கொண்டிருக்கும்.

"ரெண்டையும் எடுத்துட்டேனுங்க. ஒண்ணுமே இல்லை அங்க."

"கிராவிட்டி இருக்கா?"

"இருக்குதுங்க. கூட்டியும் பாத்தேன்."

"எவ்வளவு?"

"ரெண்டு மடங்கு. அப்புறம் பத்து." தலையைக் குனிந்துகொண்டார். "கோபம் வந்து நூறும் வெச்சேன்."

"விழுந்துச்சா?"

"அசையலீங்க. சந்தேகத்துக்குப் பக்கத்துல ஒரு தம்ளரை விட்டுப் பாத்தேன். அது சர்ருன்னு போயிருச்சு. தம்ளருக்கு ஒரு நியாயம், பெட்டிக்கு ஒரு நியாயமா?"

"தம்ளர் எப்ப உள்ள வந்துச்சு?"

"அப்பத்தாங்க விட்டேன்."

"பெட்டி?"

"அது ஆரம்பத்துலருந்து அங்கயேதாங்க இருக்குது."

செல்போன் அடித்தது. மாசிலாமணி எடுத்துப் பார்த்து நிறுத்தினார்.

"யாரு?"

"மகளுங்க. சாப்பிட்டீங்களான்னு கேப்பா."

"சாப்பிட்டீங்களா?"

"பன் சாப்பிட்டேன்."



*

"உங்க லேப்டாப் சூடாகுதுன்னு வந்தீங்களே, அன்னைக்கு என்ன செஞ்சோம்?"

"தூங்க வெச்சோங்க."

"யாரை?"

"சாமானுங்களை." கேட்டால் பாடம் ஒப்பிப்பதில் மாசிலாமணிக்குக் குறை வைக்கத் தெரியாது. "பரண்மேல அத்தனை சாமான் இருக்குது. ஒவ்வொண்ணும் விழுதா, விழுதான்னு ஒவ்வொரு நொடியும் கணக்குப் போட்டா மெஷின் தாங்காது. அதனால ஒரு சாமான் கொஞ்ச நேரம் ஆடாம அசையாம இருந்தா, அது பத்திரமா இருக்குதுன்னு எடுத்துக்கிட்டு, கணக்கை விட்டுடறது. அது தூங்கும். வேற ஏதாச்சும் வந்து தொட்டா எழுப்பிக்கலாம்."

"பெட்டியை ஏதாச்சும் தொட்டுச்சா?"

"இல்லீங்க. நான் பலகையைத்தானே எடுத்தேன். பெட்டிகிட்டயே போகலை."

"பலகை போனதை அதுக்கு யார் சொன்னது?"

மாசிலாமணி லேப்டாப்பைத் திருப்பிப் பெட்டியைப் பார்த்தார்.

டீச்சர் எழுந்து காப்பி போடப் போய்விட்டார்.

*

காப்பி வந்தபோதும் மாசிலாமணி அப்படியே உட்கார்ந்திருந்தார். மூடுபனி ஜன்னல்வரை வந்துவிட்டது. செடிகள் தெரியவில்லை. அவர்கள் இரண்டு பேரையும் தவிர உலகத்தில் ஆளே இல்லாதது போல இருந்தது.

"சொல்லணுங்களா டீச்சர்?" என்றார் கடைசியில். "காலுக்குக் கீழ ஒண்ணுமில்லைன்னா அதுக்கே தெரியாதா?"

"தெரிஞ்சா விழுந்திருக்குமே, அண்ணா."

அவர் காப்பியை எடுத்தார். குடிக்காமல் வைத்தார்.

"ஊர்ல எல்லாரும் சொன்னாங்களே," என்றார். எதைப் பற்றிச் சொல்கிறார் என்று டீச்சர் கேட்கவில்லை. "மேல மேல சொன்னாங்களே."

"முதல்ல அந்த நூறை எடுங்க. பாரம் ஏத்தினா தூங்கறது எழாது."

மாசிலாமணி பழைய அளவையே வைத்தார்.

"உங்ககிட்ட இருக்கறதுலயே லேசான சாமான் எது?"

கோகிலம் வரைந்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனார். அண்டா. கிரைண்டர். மடக்குக் கட்டில். கரண்டி. எல்லாவற்றுக்கும் கடைசியில், கேமில் இன்றுவரை அவர் சேர்க்காத ஒரு படம் இருந்தது.

சேலையில் குத்தும் ஊக்கு.

இதற்காக அவர்கள் சண்டை போட்டிருக்கிறார்கள்.

"ஊக்கை எவனாச்சும் லாரியில ஏத்துவானா?" என்று கேட்டிருந்தார் மாசிலாமணி.

"எல்லாத்தையும் ஏத்திட்டுத் திரும்பிப் பாத்தா, வெறுந்தரையில இது ஒண்ணு கிடக்குமுங்க," என்றார் கோகிலம். "ஒவ்வொரு வீட்லயும் கிடந்துச்சு. நீங்க பாத்ததில்லை. லாரியில ஏறி உக்காந்திருப்பீங்க. நான்தான் குனிஞ்சு எடுத்து வளையல்ல மாட்டிக்குவேன்."

அவர் அந்தப் படத்தைச் சேர்க்கவில்லை. கோகிலமும் அழிக்கச் சொல்லவில்லை.

"இதுக்கு எடையே கிடையாதுங்க டீச்சர்."

"தொடத்தானே போகுது. விடுங்க."

விட்டார்.

திரையின் உச்சியிலிருந்து ஊக்கு விழுந்தது. வெள்ளைக் கோடு போலச் சின்னதாக, தன்னைத்தானே சுற்றிக்கொண்டு வந்தது. பெட்டியின் மூடியில் ஒரு ஓரமாகத் தொட்டது.

பெட்டி விழுந்தது.

பெட்டிமேல் இருந்த அண்டா விழுந்தது. அண்டாவில் சாய்ந்திருந்த கட்டில் விழுந்தது. கிரைண்டர், கரண்டி, குடம், ஒன்றை ஒன்று தொட்டு எழுப்பிக்கொண்டு பரண் முழுவதும் இறங்கியது. கீழே லாரி பாரத்தில் அழுந்தி, மேலே எழும்பி, ஆடி, நின்றது. சத்தமே இல்லை. கேமுக்கு இன்னும் சத்தம் சேர்க்கவில்லை.

ஊக்கு லாரிக்கு வெளியே, தரையில் கிடந்தது.

மாசிலாமணி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கை மேசைமேல் செல்போனைத் தேடியது. டீச்சர் காப்பி தம்ளரைத் தள்ளி வைத்தார், கை பட்டுக் கொட்டிவிடாமல்.

மாசிலாமணி செல்போனை எடுத்தார்.

தேன்மொழி முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள். அப்பா தானாகக் கூப்பிட்டு எவ்வளவோ நாளாகிறது. பயந்துபோயிருந்தாள்.

"அப்பா? என்னாச்சுங்கப்பா?"

"தேனு."

"சொல்லுங்கப்பா. எங்க இருக்கீங்க?"

"தேனு," என்றார் மாசிலாமணி. "அம்மா செத்துப்போயிட்டாடா."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"ஆமாங்கப்பா," என்றாள் தேன்மொழி.