ஒப்புக்கு நின்ற நண்டு

அந்தக் காலத்தில் மிருகங்கள் பேசின. நண்டும் மற்றவர்களைப் போல நேராகத்தான் நடந்தது. ஆற்றுமுகத்து மணல்திட்டில் வளை தோண்டிக் குஞ்சுகுளுவானோடு குடியிருந்தது.

ஒரு கோடையில் நரிக்கூட்டம் வந்து, திட்டு தனக்குத்தான் என்றது. சண்டை வேண்டாம், கிளித்தட்டு ஆடித் தீர்த்துக்கொள்ளலாம் என்று பேச்சானது. மணலில் நான்கு கோடு, கோட்டுக்கு ஒரு காவல். காவல் நிற்பவர் கோட்டின் மேலேயேதான் ஓட வேண்டும். கூட்டத்துக்குத் தலைவனான பெரிய நரி பிடிபடாமல் நான்கையும் தாண்டிவிட்டால் திட்டு நரிகளுக்கு. தோற்றால் குஞ்சுகளை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று நண்டு யோசித்தது.

திட்டில் கொக்கு, ஆமை, உடும்பு என்று மூன்று பேர்தான் தேறினார்கள். நான்காவதாக நான் நிற்கிறேன் என்றது நண்டு. கொக்குக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சரி, ஆள் குறையுதே. கடைசிக் கோட்டுல ஒப்புக்குச் சப்பாணியா நின்னுக்க."

பேருக்கு நின்றால் போதும், உன்னை யார் நம்பினார்கள் என்று அர்த்தம். நண்டுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் போய் நின்றது.

ஆட்டம் தொடங்கியது. நரி இடப்பக்கம் பாய்வதுபோல் போக்குக் காட்டும். காவல் நிற்பவர் அந்தப் பக்கம் திரும்பி ஓடுவார். அவர் முதுகு தெரிந்ததும் வலப்பக்கம் புகுந்துவிடும். கொக்கு ஏமாந்தது, ஆமை ஏமாந்தது, பிடிக்குப் பேர்போன உடும்பும் ஏமாந்தது. நண்டு கவனித்துக்கொண்டே இருந்தது. திரும்புவதால்தானே தோற்கிறார்கள், நான் திரும்பப் போவதில்லை என்று முடிவு செய்தது.

நரி இடப்பக்கம் பாய்ந்தது. நண்டு முகத்தை நரியின் மேலேயே வைத்துக்கொண்டு, காலை மட்டும் பக்கவாட்டில் நகர்த்தியது. நரி வலப்பக்கம் பாய்ந்தது. நண்டும் அங்கே இருந்தது. பொறுமை போய் நரி ஒரே தாவாகத் தலைக்கு மேல் தாவ, அதன் வாலைக் கொடுக்கால் இறுக்கிப் பிடித்தது நண்டு.

"நீ ஒப்புக்குச் சப்பாணி. உன் பிடி செல்லாது," என்று அலறியது நரி.

"செல்லாத பிடிதானே? உதறிட்டுப் போயேன்," என்றது நண்டு.

நரி உதறியது, உருண்டது, கடைசியில் தோற்றேன் என்று எல்லார் முன்னாலும் ஒப்புக்கொண்டது. பிடி விட்டதும் கூட்டத்தோடு காட்டைப் பார்த்து ஓடியது. சிரித்த கொக்கே நண்டை முதுகில் ஏற்றித் திட்டைச் சுற்றி வந்தது. நண்டுக்குப் பெருமை தாங்கவில்லை; வளைக்குப் போகும்போதும் பக்கவாட்டிலேயே நடந்து போனது.

அன்று முதல்தான் நண்டினம் முழுக்கப் பக்கவாட்டில் நடக்கிறது. வீட்டிலும் ஊரிலும் பேருக்குச் சேர்த்துக்கொண்ட ஆளை ஒப்புக்குச் சப்பாணி என்று கேலி செய்கிறவர்களும், விவரம் தெரிந்தவர்களாக இருந்தால், அந்த ஆளிடம் வாலாட்டுவதில்லை.